மலிவான கார் இன்சூரன்ஸ்: 4,400 ரூபாய் பாலிசியில் யார் யார் விட்டுப்போகிறார்கள்?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஏழு வருஷம் ஓடிய 1,197 சிசி பெட்ரோல் கார் ஒன்றை 3,20,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். ஆர்சி இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது. இன்சூரன்ஸும் அவர் பெயரில்தான். அது அடுத்த மாதம் முடிகிறது. கையில் நான்கு விலைகள்: ஏஜென்ட் ஒருவர் சொன்ன வெறும் தேர்டு பார்ட்டி 4,400; இணையத்தில் பார்த்த ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ 8,100; அதே ஏஜென்ட் சொன்ன ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ 9,300; சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த ‘பம்பர் டு பம்பர்’ 16,200. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் காரில் வருவார்கள். தம்பிதான் அதிகம் ஓட்டுகிறார். கல்யாண சீசனில் பக்கத்துத் தெரு டிராவல்ஸ்காரர் வண்டியை இரண்டொரு நாள் எடுத்துக்கொண்டு, டீசண்டாக ஏதோ ஒரு தொகை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாநிலத்துக்கு மாநிலம் இன்சூரன்ஸ் வேறுபடும், புதுச்சேரிப் பதிவு என்றால் மலிவு என்று மைத்துனர் சொல்கிறார். விற்றவருக்கு 50 சதவீத ‘நோ க்ளெய்ம்’ தள்ளுபடி இருப்பதால் பாலிசியை அவர் பெயரிலேயே ஓட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். ‘எது மலிவு, எது போதும்?’ என்பது கேள்வி. ஓர் ஓரத்தில், எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டாயிற்று என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரிக்கு,

பூஜை போட்டது நல்லது. ஆனால் இந்த மூன்று வாரமாக உங்கள் காருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு கிட்டத்தட்ட அதுதான். அதனால் விலைக்கு வருமுன் பெயரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

முதலில் பெயர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவுப்படி, கார் கைமாறினால் தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாகவே வாங்கியவருக்கு வந்துவிடும். தெருவில் போகிறவர் மீது உங்கள் கார் மோதினால் அவருக்கு இழப்பீடு கிடைக்கும். ஆனால் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. இதை உச்சநீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. பாலிசியில் விற்றவர் பெயர், கார் உங்கள் கையில் என்ற நிலையில் நாளைக்கே வண்டி புளியமரத்தில் மோதினால், அவரும் கேட்க முடியாது, நீங்களும் கேட்க முடியாது. கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது. பரவாயில்லை, நாளைக்கே எழுதுங்கள். வண்டியைப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுப்பார்கள்.

ஆர்சியும் அப்படியே. 29, 30-ம் எண் படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆர்டிஓவில் பெயர் மாற்ற வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். இது உங்களைவிட விற்றவருக்குத்தான் அவசரம். ஆர்சியில் யார் பெயரோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு முன்னால் அவர் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்பார்.

இனி ஏஜென்ட் சொன்ன யோசனை. நோ க்ளெய்ம் போனஸ், வாய்வழக்கில் என்சிபி, காரோடு வருவதில்லை; ஆளோடு போவது. விற்றவர் ஐந்து வருஷம் க்ளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்கு அவருக்குக் கிடைத்த சலுகை அது, அவருடைய அடுத்த காருக்குப் போகும். அதை உங்கள் காரில் வைத்துக்கொண்டால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்தேன். என்சிபி மொத்த பிரீமியத்தில் கழிவதில்லை. சொந்த வண்டிச் சேதப் பகுதியில் மட்டும்தான் கழியும். உங்கள் 9,300 ரூபாய் பாலிசியில் அந்தப் பகுதி சுமார் 4,400 இருக்கும். அதில் பாதி 2,200. ஜிஎஸ்டியோடு சேர்த்து ஏறக்குறைய 2,600 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க மூன்று லட்ச ரூபாய்க் காரின் பாதுகாப்பையே விட்டுவிடச் சொல்கிறார் அவர். க்ளெய்ம் நாளில் அவர் போனை எடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: ‘முன்னால் என் பெயரில் ஒரு பழைய ஆல்டோ இருந்தது, போன வருஷம் விற்றுவிட்டோம், ஒரு க்ளெய்ம்கூடப் போட்டதில்லை.’ சகோதரி, நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் தள்ளுபடி அந்த வரியில்தான் இருக்கிறது. ஆல்டோவுக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனியிடம், வண்டியை விற்றதற்கான ஆதாரத்தோடு, என்சிபி கடிதம் கேளுங்கள். மூன்று வருஷம் வரை அது செல்லும். முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்து வருஷம் ஆனால் 50 என்பது வரிசை. நீங்கள் மூன்று வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் 35 சதவீதம், ஜிஎஸ்டியோடு சுமார் 1,800 ரூபாய் நியாயமாகவே குறையும். அந்த ஆல்டோ கணவர் பெயரில் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் சேர்த்த சலுகையை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

மாநிலம், புதுச்சேரி, மைத்துனர்

மைத்துனர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார். புதுச்சேரியில் குறைவு என்று எல்லோரும் பேசுவது சாலை வரி. இன்சூரன்ஸ் அல்ல. தேர்டு பார்ட்டி கட்டணத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய்; அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416; அதற்கும் மேல் 7,897. உங்களுக்கு நடுவில் உள்ளது. 3,416-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,031. ஏஜென்ட் சொன்ன 4,400-இல் மிச்சம் இருப்பது உரிமையாளருக்கான விபத்துக் காப்பு. ஆக, தேர்டு பார்ட்டிக்காகக் கம்பெனி கம்பெனியாக அலைவதில் பயனில்லை, எங்கே போனாலும் அதே 3,416தான்.

கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது சொந்த வண்டிச் சேதப் பகுதி மட்டும். அதிலும் மாநிலக் கணக்கு இல்லை. சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், நாட்டின் மற்ற ஊர்களெல்லாம் இன்னொரு மண்டலம். பெருநகரத்தில் பதிவான காருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இதற்காக வேறு ஊர் முகவரி காட்டிப் பதிவு செய்தால், பொய் முகவரி கொடுத்த காரணத்துக்காகவே நாளைக்கு க்ளெய்ம் சிக்கலாகும். தவிர, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா?

போலீஸ் பிடித்தால் காட்ட அது போதும். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் 196-வது பிரிவில் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000. தேர்டு பார்ட்டி இருந்தால் அந்தப் பயம் இல்லை. வயல்வெளி வீட்டில் நின்று, வாரத்துக்கொரு முறை உரம் ஏற்றப் போகும் பதினைந்து வருஷக் கார் என்றால் நானே அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

உங்கள் காரில் பின் சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவும் பிள்ளைகளும். ‘தேர்டு பார்ட்டி’ என்றால் நம்மைத் தவிர எல்லோரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தம்பி கார் ஓட்டி, தூக்கக் கலக்கத்தில் பாலத்தில் மோதி, பின்னால் இருந்த அம்மாவுக்குக் கால் முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்துக்கு மட்டும் எடுத்த பாலிசியில், கோர்ட் பாஷையில் ‘ஆக்ட் பாலிசி’யில், சொந்தக் காரில் வரும் பயணி அடங்கமாட்டார். ‘பேக்கேஜ்’ பாலிசியில், அதாவது ஊரில் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் பாலிசியில் அடங்குவார். 2012-ல் உச்சநீதிமன்றம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. வக்கீலான என்னிடம் வந்த ஒருவர், தன் காரில் நடந்த விபத்தில் தங்கையை இழந்தவர். தங்கையின் கணவர் தொடுத்த வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி விலகிக்கொண்டது, இழப்பீட்டை அண்ணன் தலையில் கட்டியது தீர்ப்பாயம். குடும்பமே இரண்டாகிப் போனது. அன்றைக்கு அவர் மிச்சம் பிடித்தது நாலாயிரத்துச் சொச்சம்.

உங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் உங்கள் பக்கத்தில் தென்னையை எப்படிச் சாய்த்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார் மீது மரம் விழுவது, புயல், வெள்ளம், திருட்டு, தீ இவற்றுக்கெல்லாம் ஆக்ட் பாலிசியில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

பம்பர் டு பம்பர் கட்டாயமா?

சர்வீஸ் சென்டரில் ‘ஹைகோர்ட்டே கட்டாயம்னு சொல்லியிருக்கு’ என்றார்களாம். பாதி உண்மை. 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர்நீதிமன்றம், அந்தச் செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஐந்து வருஷம் பம்பர் டு பம்பர் எடுக்க வேண்டும் என்று சொன்னது உண்மைதான். அந்த வழக்கும் மேலே சொன்ன அதே பிரச்சினையில் பிறந்தது: காருக்குள் இருந்தவர் இறந்தார், இருந்ததோ ஆக்ட் பாலிசி. ஆனால் நடைமுறைச் சிக்கல்கள் எழவே, செப்டம்பர் மாதமே நீதிமன்றம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் செய்தி மனதில் நின்றுவிட்டது, திரும்பப் பெற்ற செய்தி பரவவில்லை. புது காருக்கு மூன்று வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம் என்பது வேறு. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2018-ல் உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவு அது. பழைய கார் வாங்கிய உங்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

பம்பர் டு பம்பர் என்பது தேய்மானம் கழிக்காத பாலிசி. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி மாற்றினால் 50 சதவீதம் கழிப்பார்கள். உங்கள் காரின் வயதுக்கு இரும்புப் பாகங்களில் 40 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவில்லை. ஆக, 20,000 ரூபாய் பில் வந்தால் பாதிக்குப் பக்கமாகக் கைக்காசு போகும். புதுக் காருக்கு இதை எடுக்கத்தான் சொல்வேன். ஏழு வருஷக் காருக்குப் பல கம்பெனிகள் இதைக் கொடுப்பதே இல்லை, கொடுத்தாலும் வருஷத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்று வரம்பு வைப்பார்கள். 16,200-க்கும் 9,300-க்கும் நடுவில் 6,900 ரூபாய் வித்தியாசம். அதை ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் இரண்டு வருஷத்தில் ஒரு பம்பரே வாங்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சர்வீஸ் சென்டர் குறிப்பிட்ட கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

எக்ஸ்ட்ராக்களில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, என்ஜின் புரொடெக்ட். வெள்ளத்தில் நின்ற காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் உள்ளே ஏறி என்ஜின் போய்விடும். சாதாரணப் பாலிசியில் அதைத் தரமாட்டார்கள். சில நூறு ரூபாய்க்குள் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்யச் சொல்லி தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

8,100-க்கும் 9,300-க்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒன்றுதான், இணையத்தில் ஏஜென்ட் கமிஷன் இல்லாததால் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் ஐடிவி என்று ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். கார் திருடு போனாலோ மொத்தமாக நசுங்கினாலோ அவர்கள் தரும் அதிகபட்சத் தொகை அது. ஏஜென்ட் தாளில் 2,95,000. இணையத்தில் 1,90,000. ஐந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐடிவி இருதரப்பும் பேசி வைத்துக்கொள்வது என்பதால், பிரீமியத்தைக் குறைத்துக் காட்டக் கீழே இறக்கிவிடுவார்கள். 1,200 ரூபாய் மிச்சம் பிடித்து 1,05,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். இன்னொரு கொக்கியும் உண்டு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு நஷ்டமாகவே கணக்கிடுவார்கள். ஐடிவி குறைந்தால் அந்தக் கோடும் கீழே வந்துவிடும். ஓட்டக்கூடிய கார் கணக்கில் செத்துப்போகும்.

இணையத்தில் வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஐடிவியை 2,90,000 பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலைந்து கம்பெனிகளில் விலை கேளுங்கள். அப்போதுதான் எது மலிவு என்று தெரியும். நீங்கள் வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டமாட்டீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஓடிய தூரத்துக்கு ஏற்ற பிரீமியம் என்ற திட்டத்தை 2022 ஜூலை முதல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்திருக்கிறது, அதையும் கேளுங்கள். முதல் 2,500 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் கொஞ்சம் குறைப்பார்கள். கீறல், சின்ன நெளிவுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதவர்களுக்கு அது லாபம். நீங்களும் போடாதீர்கள், ஒரு க்ளெய்ம் போட்டால் சேர்த்து வைத்த என்சிபி முழுக்கப் போய்விடும்.

ஒரு சிக்கனத்தை மட்டும் செய்யாதீர்கள். பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. அதை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் 100 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கட்டம் படிவத்தில் வரும். ஒரு கடையின் ஷட்டரில் இடித்துப் பாருங்கள், 6,000 எங்கே போதும்?

உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, உங்களுக்கு ஏற்கெனவே அந்த அளவில் தனியாக இருந்தால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. இல்லையென்றால் எடுங்கள். அது உங்களுக்கு மட்டும்தான், ஓட்டும் தம்பிக்கு வராது. பயணிகளுக்கான விபத்துக் காப்பு சொற்பத் தொகைக்குக் கிடைக்கும், அதைச் சேருங்கள்.

டிராவல்ஸ்காரர்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கொடுக்காதீர்கள். உங்களுடையது ஓன் போர்டு கார். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாதுகாப்பு கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது விபத்து நடந்தால், தீர்ப்பாயம் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு உங்களிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லலாம். அந்த வசூல் உங்கள் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் வரும். ‘ஃப்ரெண்டுதான், காசு வாங்கவில்லை’ என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். விசாரணையில் அந்தக் கல்யாண வீட்டார் வந்து, எவ்வளவு கொடுத்தோம் என்று கூண்டில் சொல்வார்கள், நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு வேண்டுமானால் டி போர்டு வண்டி வாங்கிக்கொள்ளட்டும்.

நான் எடுத்தால்

இந்த வாரம் பெயர் மாற்றத்துக்கு இரண்டு இடத்திலும் எழுதிக் கொடுப்பேன். ஆல்டோவின் என்சிபி கடிதம் வாங்குவேன். பிறகு உங்கள் பெயரில், 2,90,000 பக்க ஐடிவியோடு, என்ஜின் புரொடெக்ட் சேர்த்த பேக்கேஜ் பாலிசி. என்சிபி கழிந்து எட்டாயிரத்துக்குள் முடியும் என்பது என் ஊகம். இப்போதுள்ள பாலிசி முடிகிற நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்; ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் வண்டியைப் பரிசோதித்துத்தான் கொடுப்பார்கள், 90 நாள் தாண்டினால் பொதுவாக என்சிபியே போய்விடும்.

நாளைக்குக் கம்பெனி நியாயமில்லாமல் க்ளெய்மை மறுத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அதன் எல்லைக்குள்தான். கட்டணம் கிடையாது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியும் கிடையாது, எங்கள் தொழிலுக்கு அது வருத்தம்தான், உங்களுக்கு நல்லது.

பணத்தை ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் கம்பெனிக்கே நேரடியாகக் கட்டுங்கள். பாலிசி வந்ததும் உங்கள் பெயர், வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண் நான்கையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டொரு நாள் கழித்து அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் புதிய பாலிசி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், காரை வெளியில் எடுக்காமல் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய்க் கேளுங்கள்.